விஆர் கேமுக்கு கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணுமா? காசு எடுக்கிறதுக்கு முன்னாடி இந்த 6 கணக்கு



வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. காலேஜ் நேரத்துல அப்பா வாங்கிக் கொடுத்த, இல்ல முதல் போனஸ்ல அசெம்பிள் பண்ண ஒரு பிசி வீட்டுல இருக்கு. அதுல ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. இப்போ ஒரு விஆர் ஹெட்செட் வாங்கியாச்சு, இல்ல வாங்கற யோசனை. மாட்டிப் பார்த்தா கேம் திக்குது, தலை சுத்துது. உடனே போன்ல ஷாப்பிங் ஆப்பைத் திறந்தா, "மாசம் வெறும் 5,000 ரூபாய், நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு ஒரு புது கார்டு சிரிக்குது. விரல் "பை நவ்" பட்டன் மேல இருக்கு.

அந்த விரலை ஒரு பத்து நிமிஷம் எடுத்து வைங்க. இந்தப் பதிவு அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான்.

கேம் ஆடறது தப்புன்னு சொல்ற பதிவு இல்ல இது. வாரம் முழுக்க உழைக்கிறவங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும். அதுக்குக் காசு ஒதுக்கறதும் பட்ஜெட்ல ஒரு பகுதிதான். ஆனா விஆர்ங்கிறது மத்த கேம் மாதிரி இல்ல. இங்கே தப்பான இடத்துல 30,000 ரூபாய் போட்டாலும் திக்கறது நிக்காம போகலாம். சரியான இடத்துல 300 ரூபாய் போட்டா நின்னும் போகலாம். அதனால 6 கணக்கு. வரிசையாப் போடுங்க. எந்தக் கணக்குல பிரச்சினை தீருதோ, அங்கேயே நிறுத்திடலாம்.

உதாரணத்துக்கு ஒரு ஆளை எடுத்துக்குவோம். கைக்கு வர்ற சம்பளம் 34,000. வீட்டுக்கு அனுப்பறது 10,000. ரூம் வாடகை, சாப்பாடு 11,000. பஸ், போன், துணிமணி, இதர செலவு 5,000. எஸ்ஐபி 4,000. மிச்சம் 4,000 ரூபாய். பிசில ஐ5 10400எஃப் ப்ராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ். கடைசி வரைக்கும் இந்த எண்களை வச்சே பேசுவோம். உங்க எண்ணை நீங்க மாத்திப் போட்டுக்கங்க. கீழே வர்ற கார்டு விலைகளும் கணக்குக்காக எடுத்துக்கிட்டதுதான். வாங்கற அன்னைக்கு என்ன விலையோ அதைப் போடுங்க.

கணக்கு 1: உங்களுக்கு பிசி விஆர் நிஜமாவே தேவையா?

மெட்டா குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ் இதெல்லாம் தனியா ஓடற ஹெட்செட். உள்ளேயே ப்ராசஸர், பேட்டரி எல்லாம் இருக்கு. பீட் சேபர் மாதிரி கேம் ஓட பிசியே வேண்டாம். அப்படின்னா கிராஃபிக்ஸ் கார்டு பேச்சுக்கே இடமில்ல.

பிசி எப்போ தேவைப்படும்? ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் மாதிரி பிசிக்குன்னே பண்ண கேம், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், அசெட்டோ கோர்சா மாதிரி ரேசிங் சிமுலேட்டர், இதெல்லாம் ஆடணும்னா தேவை.

இப்போ ஒரு பேப்பர் எடுத்து, அடுத்த ஆறு மாசத்துல நீங்க கண்டிப்பா ஆடப் போற மூணு கேம் பேரை எழுதுங்க. "ஆடலாம்" இல்ல, "ஆடுவேன்". மூணுமே ஹெட்செட்லயே தனியா ஓடும்னா, இந்தப் பதிவை இங்கேயே மூடிட்டுப் போகலாம். மிச்சமான 30,000 உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு.

லேப்டாப் வச்சிருக்கவங்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. லேப்டாப்ல கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டோட சேர்ந்தே வரும். கார்டை மட்டும் கழட்டி மாத்த முடியாது. உங்க கணக்கு "கார்டு விலை" இல்ல, "புது மெஷின் விலை". அது வேற பட்ஜெட். இப்போதைக்கு கணக்கு 2, 3 உங்களுக்கு உதவும்.

கணக்கு 2: கார்டு மேல எவ்வளவு சுமை?

சாதாரண மானிட்டர்ல 1080பி-ன்னு சொல்றோமே, அது 1920 x 1080. அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடினா, கார்டு நொடிக்கு சுமார் 12.4 கோடி பிக்சல் வரையணும்.

குவெஸ்ட் 3எஸ்ல ஒரு கண்ணுக்கு 1832 x 1920. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 70.3 லட்சம் பிக்சல். இதை முழுசா ஓட்டினா:

- 72 ஹெர்ட்ஸ்ல: நொடிக்கு சுமார் 50.7 கோடி. மானிட்டரை விட 4 மடங்கு.
- 90 ஹெர்ட்ஸ்ல: சுமார் 63.3 கோடி. 5 மடங்கு.
- 120 ஹெர்ட்ஸ்ல: சுமார் 84.4 கோடி. கிட்டத்தட்ட 7 மடங்கு.

குவெஸ்ட் 3-ல ஒரு கண்ணுக்கு 2064 x 2208. அது 90 ஹெர்ட்ஸ்லயே 82 கோடியைத் தொட்டுடும். லென்ஸ் படத்தை வளைக்கறதால, அதைச் சரிக்கட்ட ஸ்க்ரீன்ல இருக்கறதை விட அதிகமாவே வரைய வேண்டியிருக்கும். அது தனி.

"மானிட்டர்ல எல்லாமே நல்லா ஓடுதே, ஹெட்செட்ல மட்டும் ஏன் திக்குது?"ங்கிற கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னொரு விஷயம் இருக்கு. அதுதான் காசு மிச்சம் பண்ணப் போற விஷயம். மானிட்டர்ல 60 ஃப்ரேம் வர வேண்டிய இடத்துல 52 வந்தா பெருசா தெரியாது. விஆர்ல அப்படி இல்ல. 90 ஹெர்ட்ஸ்னா ஒரு ஃப்ரேமை 11.1 மில்லி செகண்டுக்குள்ள முடிக்கணும். கார்டால முடியலைன்னா, பல நேரம் சிஸ்டம் 45-க்கு இறங்கிடும். நடுவுல இருக்கற ஃப்ரேமை மென்பொருளே யூகிச்சு நிரப்பும். அப்போதான் கையைச் சுத்தி அலை அலையா தெரியறது, தலை சுத்தறது எல்லாம்.

இப்போ பாருங்க. உங்க கார்டால நொடிக்கு 75 ஃப்ரேம் முடியும்னு வச்சுக்குவோம். 90 ஹெர்ட்ஸ்ல வச்சா கிடைக்கறது 45. அதே கார்டை 72 ஹெர்ட்ஸ்ல வச்சா கிடைக்கறது முழு 72. ஒரு ஃப்ரேமுக்கு 13.9 மில்லி செகண்டு நேரம் கிடைக்குது. ஒரு பைசா செலவில்லாம 45-லேர்ந்து 72.

அதனால பட்ஜெட் விஆர்ல முதல் விதி: முதல்ல இலக்கை முடிவு பண்ணுங்க, அப்புறம் கார்டு. "72 ஹெர்ட்ஸ், மீடியம் செட்டிங்" போதும்னு முடிவு பண்றவரும், "120 ஹெர்ட்ஸ், அல்ட்ரா"ன்னு போறவரும் வாங்க வேண்டிய கார்டு வேற வேற. நடுவுல இருக்கற வித்தியாசம் பல மாசச் சம்பள மிச்சம்.

கணக்கு 3: தடை நிஜமாவே கார்டுலதானா?

காய்ச்சல்னு போனா டாக்டர் முதல்ல டெஸ்ட் எடுப்பாரு, அப்புறம்தான் மருந்து. நாமும் அப்படியே. ஒரு சாயங்காலம் போதும்.

டெஸ்ட் 1: ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. ஸ்டீம்விஆர் செட்டிங்ல ரெண்டர் ரெசல்யூஷன் ஸ்லைடர் இருக்கு. அதை 60 சதவீதத்துக்கு இறக்குங்க. படம் கொஞ்சம் மங்கும், பரவாயில்ல. திக்கறது நின்னுடுச்சா? அப்போ தடை கார்டுலதான். இன்னும் அதே மாதிரி திக்குதா? அப்போ கார்டு மாத்தினாலும் தீராது. ப்ராசஸர், ரேம், இல்ல வைஃபை பக்கம் பாருங்க.

டெஸ்ட் 2: கிராஃபைப் பாருங்க. ஸ்டீம்விஆர்லயே ஃப்ரேம் நேரத்தைக் காட்டற கிராஃப் இருக்கு. சிபியு எத்தனை மில்லி செகண்டு, ஜிபியு எத்தனை மில்லி செகண்டுன்னு தனித்தனியா காட்டும். 90 ஹெர்ட்ஸ்ல எது 11.1-ஐத் தாண்டுதோ, அதுதான் குற்றவாளி.

டெஸ்ட் 3: வயரா, வைஃபையான்னு பாருங்க. குவெஸ்ட்டை வயர் இல்லாம பிசியோட இணைக்கும்போது, படம் வீடியோவா மாறி ரவுட்டர் வழியா வருது. பிசியும் வைஃபைல, ஹெட்செட்டும் வைஃபைல இருந்தா ரெண்டும் அடிச்சுக்கும். பிசியை லேன் கேபிள்ல ரவுட்டரோட இணைங்க. ஹெட்செட்டை மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைல விடுங்க. ரவுட்டர் நீங்க ஆடற அதே ரூம்ல இருக்கட்டும். நல்ல யுஎஸ்பி 3 கேபிள் இருந்தா, ஒரு தடவை கேபிள்ல ஆடிப் பாருங்க. கேபிள்ல நல்லா ஓடி வைஃபைல திக்கினா, உங்களுக்குத் தேவை லேன் கேபிளோ ரவுட்டரோதான், கார்டு இல்ல.

டெஸ்ட் 4: பின்னாடி ஓடறதை மூடுங்க. பிரவுசர்ல 40 டேப், ஆபீஸ் மெசெஞ்சர், ஸ்கிரீன் ரெகார்டிங் எல்லாத்தையும் மூடிட்டு, டிரைவரைப் புதுசாக்கி, மறுபடி ஆடிப் பாருங்க.

நம்ம உதாரண ஆளுக்கு இந்த டெஸ்ட்ல என்ன வரும்? ஜிடிஎக்ஸ் 1650-ல 4 ஜிபி மெமரிதான். 2020 மார்ச்ல வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்க்கே குறைந்தபட்சத் தேவை 6 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1060, இல்ல ஆர்எக்ஸ் 580. அப்போ அவருக்குத் தடை கார்டுலதான். ப்ராசஸரும் ரேமும் இன்னும் சில வருஷம் தாங்கும். அவர் கார்டு மாத்தறதுல அர்த்தம் இருக்கு. ஆனா அது இப்போ ஒரு யூகம் இல்ல, டெஸ்ட் பண்ணித் தெரிஞ்சுக்கிட்ட முடிவு. 30,000 ரூபாய் விஷயத்துல இந்த வித்தியாசம் முக்கியம்.

கணக்கு 4: கார்டோட உண்மையான விலை

பைக் வாங்கும்போது ஷோரூம் விலை வேற, ஆன்-ரோடு விலை வேற இல்லையா? கார்டுக்கும் ஆன்-ரோடு விலை உண்டு.

எஸ்எம்பிஎஸ்: ஜிடிஎக்ஸ் 1650 வெறும் 75 வாட் கார்டு. பல மாடலுக்கு தனி பவர் வயரே வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட். இதுக்கெல்லாம் எஸ்எம்பிஎஸ்லேர்ந்து தனியா பவர் வயர் வரணும், பெரும்பாலும் 8-பின். பக்கத்துக் கதவைக் கழட்டி, அந்த வயர் இருக்கான்னு பாருங்க. ஆர்எக்ஸ் 6600-க்கு ஏஎம்டி சொல்றது 450 வாட் எஸ்எம்பிஎஸ். ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் 3060-க்கும் என்விடியா சொல்றது 550 வாட். பேர் தெரியாத லோக்கல் எஸ்எம்பிஎஸ் மேல எழுதியிருக்கற வாட்டை நம்பாதீங்க. அது போகும்போது தனியா போகாது, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகலாம்.

கேபினெட்: உள்ளே எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்குன்னு ஸ்கேல் வச்சு அளந்துட்டு, கார்டோட நீளத்தைப் பாருங்க. மூணு ஃபேன் கார்டு வாங்கிட்டு வந்து, ஹார்ட் டிஸ்க் கூண்டை வெட்டறது நல்லா இருக்காது.

கனெக்டர்: குவெஸ்ட்டுக்கு யுஎஸ்பி இல்ல வைஃபை போதும். ஆனா வால்வ் இண்டெக்ஸ், சோனி பிஎஸ் விஆர்2 (இதுக்கு பிசி அடாப்டர் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு) மாதிரி ஹெட்செட்டுக்கு கார்டுல டிஸ்ப்ளேபோர்ட் வேணும்.

வீடியோ என்கோடர்: இது பலரும் கவனிக்காத இடம். குவெஸ்ட்டுக்குப் படம் போறது வீடியோவா என்கோடு ஆகித்தான். அந்த வேலையைச் செய்யற பகுதி கார்டுக்குள்ள இருக்கணும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு விலை குறைவா இருக்கேன்னு பார்ப்பீங்க. அதுல அந்த என்கோடரே கிடையாது, மெமரியும் 4 ஜிபி. குவெஸ்ட்டுக்கு அது வேலைக்கு ஆகாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் மெமரிக்கு நல்ல விலைதான், ஆனா விஆருக்குன்னு வாங்கறதா இருந்தா விலகி நில்லுங்க. எந்தக் கார்டு வாங்கினாலும், மெட்டா தளத்துல இருக்கற லிங்க் ஆதரவுப் பட்டியல்ல அந்தப் பேர் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் காசு கொடுக்கணும்.

கரண்ட் பில்: "புது கார்டு கரண்ட் மிச்சம் பண்ணும்"னு கடைக்காரர் சொல்வாரு. கணக்கு போடுவோம். 170 வாட் கார்டுக்கும் 115 வாட் கார்டுக்கும் வித்தியாசம் 55 வாட். தினம் ஒரு மணி நேரம், ரெண்டு மாசம், 60 மணி நேரம். மொத்தம் 3.3 யூனிட். யூனிட் 10 ரூபாய்னே வச்சாலும் 33 ரூபாய். இதுக்காக 5,000 ரூபாய் அதிகம் கொடுக்கறதுல அர்த்தமில்ல. வாட் முக்கியம்தான், ஆனா அது எஸ்எம்பிஎஸ் தாங்குமாங்கிறதுக்காக.

இப்போ நம்ம ஆளோட ஆன்-ரோடு விலை. புது கார்டு 30,000. அவரோட 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதாது, அதுக்கு 4,500. பழைய கார்டு வித்தா 5,000 வரும்னு வச்சா, நிகரச் செலவு 29,500 ரூபாய்.

கணக்கு 5: புதுசா, செகண்ட் ஹேண்டா?

நம்ம ஆளோட இலக்கு 72 ஹெர்ட்ஸ், மீடியம் செட்டிங். இதுக்கு 8 ஜிபி மெமரி உள்ள ஆர்எக்ஸ் 6600 அளவு கார்டு நியாயமான தொடக்கம். ஜிடிஎக்ஸ் 1650-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல வேகம். ஆர்டிஎக்ஸ் 3060-ல 12 ஜிபி மாடல் கிடைச்சா, மெமரி அதிகம் கேட்கற கேம்களுக்கு நல்லது, என்கோடரும் நல்லா இருக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 அதை விட சுமார் 20 சதவீதம் வேகம், ஆனா மெமரி 8 ஜிபிதான். ஆர்எக்ஸ் 6600-ம் 3060-ம் 2021-ல வந்தவை. அதனால செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல நிறைய புழங்குது.

செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600 14,000-க்குக் கிடைக்குதுன்னு வச்சுக்குவோம். எஸ்எம்பிஎஸ் நல்ல பிராண்டா இருந்து, 8-பின் வயரும் இருந்தா, மாத்த வேண்டாம். பழைய கார்டு வித்த 5,000 கழிச்சா நிகரச் செலவு 9,000. புதுசுக்கு 29,500, இதுக்கு 9,000. வித்தியாசம் 20,500 ரூபாய்.

மணிக் கணக்குல பாருங்க. வாரம் 3 மணி நேரம் ஆடறீங்கன்னா வருஷத்துக்கு 156 மணி நேரம். செகண்ட் ஹேண்ட் கார்டை ரெண்டு வருஷம் வச்சா 312 மணி நேரம், மணிக்கு சுமார் 29 ரூபாய். புது கார்டை மூணு வருஷம் வச்சாலும் 468 மணி நேரம், மணிக்கு சுமார் 63 ரூபாய். வாரம் 10 மணி நேரம் ஆடறவருக்கு இந்தக் கணக்கு மாறும், அவருக்குப் புதுசு நியாயமா இருக்கலாம். நீங்க எவ்வளவு ஆடறீங்கன்னு ஸ்டீம் ஆப்லயே மணி நேரம் இருக்கு. அதைப் பார்த்துப் போடுங்க.

ஆனா செகண்ட் ஹேண்ட்னா கண் திறந்து வாங்கணும். 2022 செப்டம்பர் வரைக்கும் எத்தீரியம் மைனிங்ல ராத்திரி பகலா ஓடின கார்டுகள், அந்த மைனிங் முறை நின்னதும் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. மைனிங் கார்டு எல்லாமே கெட்டுப் போனதுன்னு இல்ல. ஆனா ஃபேனும், தெர்மல் பேஸ்ட்டும், மெமரியும் தேய்ஞ்சிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல பார்த்து நேர்ல போனாலும் சரி, இதைச் செய்யுங்க:

- பில் இருக்கா? சீரியல் நம்பர் பில்லோட ஒத்துப் போகுதா? மிச்ச வாரண்டி அடுத்தவருக்கு மாறுமான்னு அந்த பிராண்டோட சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்த கார்டுன்னா, வாரண்டி இங்கே செல்லுமான்னு தனியா கேளுங்க.
- கார்டு ஒரு பிசில ஓடிக்கிட்டு இருக்கணும். "வீட்டுக்குப் போய் போட்டுப் பாருங்க"ன்னா நன்றி சொல்லிட்டுக் கிளம்புங்க.
- ஜிபியு-இசட்னு ஒரு இலவச மென்பொருள். மெமரி எவ்வளவு, சிப் எதுன்னு காட்டும். பழைய சிப்புக்குப் புதுப் பேர் வச்ச போலிக் கார்டையும் பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும்.
- ஃபர்மார்க் மாதிரி ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 நிமிஷம். திரையில புள்ளி, கோடு வருதா? ஃபேன்ல சத்தமா? சூடு ஏறிக்கிட்டே போகுதா?
- ஸ்க்ரூ கழட்டின தடம், துரு, ஃபேன் ஆட்டம் இதெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க.
- முன்பணம் அனுப்பச் சொன்னா அனுப்பாதீங்க. "ஆர்மில இருக்கேன், கூரியர் அனுப்பறேன்"ங்கிற கதையெல்லாம் பழைய மோசடி.

இன்னொண்ணு. நம்ம ஆளோட ப்ராசஸர் பேர்ல கடைசியில "எஃப்" இருக்கு. அதாவது ப்ராசஸர்ல கிராஃபிக்ஸ் கிடையாது. பழைய கார்டை முன்னாடியே வித்துட்டா ஸ்க்ரீன்ல எதுவுமே வராது. புது கார்டைப் போட்டு ஒரு வாரம் ஆடிட்டு, அப்புறம் பழசை வில்லுங்க.

கணக்கு 6: காசை எப்படிக் கட்டறது?

இப்போதான் நம்ம சேனலோட பாடம். 30,000 ரூபாய் கார்டு, 6 மாச நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 5,000. மொத்தம் 30,000-தானே, என்ன நஷ்டம்?

வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, ஜீரோ பர்சென்ட் வட்டிங்கிற கருத்தே இல்லைன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ நடக்கறது என்னன்னா, வட்டி அளவுக்கு விலைல தள்ளுபடி கொடுத்து, அந்த வட்டியை வங்கி உங்ககிட்ட வாங்கிக்கும். 15 சதவீத வட்டின்னு வச்சா:

- கடன் தொகை சுமார் 28,730. வட்டி சுமார் 1,270. ரெண்டும் சேர்ந்து 30,000.
- அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி: சுமார் 229 ரூபாய். இது உங்க கையிலேர்ந்து.
- ப்ராசஸிங் ஃபீஸ் 199-ன்னு வச்சா, ஜிஎஸ்டியோட சுமார் 235.
- முழுக் காசு கட்டினா கிடைக்கற தள்ளுபடி 1,500-ன்னு வச்சா, அதுவும் போச்சு.

மொத்தம் சுமார் 1,960 ரூபாய். "நோ காஸ்ட்"டோட காஸ்ட் இது. செக்-அவுட் பக்கத்துல முழுக் காசு விலையையும் இஎம்ஐ மொத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்.

ஆனா நிஜமான ஆபத்து அந்த 1,960 இல்ல. நம்ம ஆளுக்கு மாசம் மிச்சம் 4,000. இஎம்ஐ 5,000. இடிக்கற 1,000 எங்கேர்ந்து வரும்? முதல்ல எஸ்ஐபி நிக்கும். மூணாவது மாசம் வீட்டுல ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா, கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுவோம். அங்கே மாசம் 3.5 சதவீதம்னா, வருஷத்துக்கு 42 சதவீதம். பாக்கி இருக்கற வரைக்கும் புதுசா வாங்கற மளிகைக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வீட்டுக்கு அனுப்பற 10,000-ல கை வைக்க வேண்டி வரும். ஒரு கேம் கார்டு அம்மாவோட மாத்திரைச் செலவு வரைக்கும் போய் நிக்கும். சம்பளக்காரங்க கடன்ல விழறது பெரும்பாலும் பெரிய செலவுல இல்ல, இந்த மாதிரி சின்ன இடிப்புலதான்.

அதனால மூணு விதி:

1. கார்டு வாங்கின மறுநாள் காலைல, உங்க அக்கவுண்ட்ல குறைஞ்சது ஒரு மாசச் செலவு மிச்சம் இருக்கணும். நம்ம ஆளுக்கு 26,000. (முழு எமர்ஜென்சி ஃபண்டு மூணு மாசம், அதாவது 78,000. அது தனியா வளர்ந்துக்கிட்டே இருக்கட்டும்.)
2. எஸ்ஐபியையும் வீட்டுக்கு அனுப்பறதையும் தொடாம, மிச்சத்துலேர்ந்து மட்டும் சேர்க்கணும்.
3. மிச்சத்தையும் முழுசா போடக் கூடாது. 4,000-ல 3,000 கார்டுக்கு, 1,000 எதிர்பாராத செலவுக்கு.

ஒரு ஆர்டி போடுங்க. இவ்வளவு குறைஞ்ச காலத்துல வட்டி பெருசா வராது, ஆனா காசு கண்ணுல படாம தனியா இருக்கும். மாசம் 3,000. செகண்ட் ஹேண்ட் கார்டோட நிகரச் செலவு 9,000-க்கு 3 மாசம் போதும். ஆனா பழைய கார்டைப் பின்னாடிதான் விக்கப் போறோம், அதனால கையில முழு 14,000 வேணும்: 5 மாசம். புது கார்டுன்னா கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து 34,500-க்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம். போனஸ் வந்தா சீக்கிரம் முடியும்.

"அஞ்சு மாசம் காத்திருக்கணுமா?"ன்னு தோணும். அந்த அஞ்சு மாசமும் சும்மா இல்ல. கணக்கு 2, 3-ல பார்த்த 72 ஹெர்ட்ஸ், லேன் கேபிள், ரெசல்யூஷன் ஸ்லைடரை வச்சு லேசான கேம்களை ஆடிக்கிட்டே இருங்க. தனியா ஓடற கேம்கள் எப்படியும் இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை நீங்க குறிச்சு வச்ச கார்டோட விலையை நோட்டுல எழுதுங்க. அப்போ பண்டிகை ஆஃபர் வரும்போது, அது நிஜத் தள்ளுபடியா, விலையை ஏத்தி இறக்கினதான்னு உங்களுக்கே தெரியும்.

அஞ்சு மாசம் கழிச்சும் ஹெட்செட் தினமும் கையில இருந்தா, அந்தக் கார்டு உங்களுக்கு நல்ல செலவு, சந்தோஷமா வாங்குங்க. ஹெட்செட் அலமாரில தூசி படிஞ்சு கிடந்தா, கையில 15,000 ரூபாய் இருக்கும், கடன் இருக்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு தாள்ல இந்த ஆறு வரியை எழுதி நிரப்புங்க:

1. நான் ஆடப் போற மூணு பிசி விஆர் கேம்
2. என் இலக்கு: எத்தனை ஹெர்ட்ஸ், என்ன செட்டிங்
3. டெஸ்ட்ல தெரிஞ்ச தடை: கார்டா, ப்ராசஸரா, வைஃபையா
4. ஆன்-ரோடு விலை: கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபிள், கழிக்க பழைய கார்டு
5. ஒரு மணி நேர விளையாட்டுக்கு எவ்வளவு ரூபாய்
6. மாசம் எவ்வளவு சேர்ப்பேன், எந்த மாசம் வாங்குவேன்

ஆறாவது வரில ஒரு மாசத்தோட பேர் எழுதிட்டீங்கன்னா, உங்க அப்கிரேடு பாதி முடிஞ்ச மாதிரி. ரூம்ல இதே யோசனைல இருக்கற நண்பருக்கும் இதை அனுப்புங்க, அவர் "பை நவ்" அழுத்தறதுக்கு முன்னாடி.